கலைப் பட்ட வகுப்பில் தமிழ் இடம்பெற்ற வரலாறு

தமிழ்நாட்டுக் கல்லூரி எதனுள் நுழைந்தாலும் இன்று தமிழ்த்துறை என்னும் பலகை கண்ணிற்படும். வரலாறு பயில்வோரும் வணிகவியல் பயில்வோரும் வேதியியல் பயில்வோரும், பெரும்பாலோர், முதற்பகுதியில் தமிழ் எழுதியே பட்டம் பெறுகின்றனர். தமிழையே முதன்மைப் பாடமாகக் கொண்டு இளங்கலை முடிப்போர் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வெளிவருகின்றனர். இந்நிலை இயல்பாகவே அமைந்தது போலத் தோன்றும். ஆயினும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கலைப் பட்ட வகுப்பில் தமிழ் ஓர் ஓரத்தில் ஒண்டியிருந்த காலம் உண்டு. அந்த ஓரமும் பறிபோக இருந்த காலமும் உண்டு. அதனைக் காத்தவர்களையும் வளர்த்தவர்களையும் வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒரு வியப்பு எழும். அவர்களுட் பலர் பல்கலைக்கழகம் தமிழுக்கென்று அளித்த பட்டம் எதனையும் பெறாதவர்கள்.

1839-ஆம் ஆண்டு நவம்பர் 11-ஆம் நாள், சென்னை மாகாணத்தார் 70,000 பேர் கையொப்பமிட்ட விண்ணப்பம் ஒன்றினை அரசின் தலைமை வழக்கறிஞர் ஜார்ஜ் நார்ட்டன், ஆளுநர் எல்பின்ஸ்டன் பிரபுவிடம் அளித்தார். அவ்விண்ணப்பம் வேண்டியது ஓர் ஆங்கிலக் கல்லூரி. அடுத்துப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1854-இல் வெளிவந்த சார்லஸ் உட்டின் கல்வி அறிக்கையின் பயனாக, 1857 செப்டம்பர் 5-ஆம் நாள் சென்னைப் பல்கலைக்கழகம் சட்டத்தால் நிறுவப்பெற்றது. இலண்டன் பல்கலைக்கழகமே அதற்கு மாதிரி. அதாவது பாடம் சொல்வது கல்லூரிகளின் வேலை. தேர்வு நடத்துவதும் பட்டம் அளிப்பதும் மட்டுமே பல்கலைக்கழகத்தின் வேலை. எனவே எந்த நூல் தேர்வுக்கு உரியதென அறிவிக்கப்பட்டதோ அதுவே மாகாணமெங்கும் படிக்கப்பட்டது. அறிவிக்கப்படாத நூலைத் தொடுவாரில்லை.

பட்ட வகுப்பின் நடுவிடம் ஆங்கிலத்துக்கும் கணிதத்துக்கும் வரலாற்றுக்கும் மேலைத் தத்துவத்துக்கும் உரியதாயிற்று. இரண்டாம் மொழி என்ற பெயரில் ஒரு சிற்றிடம் ஒதுக்கப்பட்டது. கல்கத்தாவும் பம்பாயும் அவ்விடத்தை வடமொழி, இலத்தீன், அரபி முதலிய பழமொழிகளுக்கே விரைவில் உரிமையாக்கிவிட்டன. சென்னை மட்டும் தமிழ், தெலுங்கு முதலிய நாட்டு மொழிகளையும் அதில் அமர விட்டிருந்தது. பின்னால் நடந்த போராட்டம் முழுவதும் இந்தச் சிற்றிடத்தைச் சுற்றியதே.

பல்கலைக்கழகம் முதன்முதல் நடத்திய பி.ஏ. தேர்வில் இருவர் தேறினர். இருவரும் சென்னையார் அல்லர், யாழ்ப்பாணத்தவர். ஒருவர் விசுவநாத பிள்ளை. மற்றவர் அவரிடமே வட்டுக்கோட்டைச் செமினரியில் பயின்ற சி. வை. தாமோதரம் பிள்ளை. இச்செய்தி தமிழ் விழா மேடைகளில் பெருமைக்காகச் சொல்லப்படுவதுண்டு. அதனுள் இருக்கும் காரணம் சொல்லப்படுவதில்லை. 1823-இல் அமெரிக்கச் சமயப் பணியாளர்கள் நிறுவிய அச்செமினரியில் மேலைக் கணிதமும் அளவை நூலும் பயிற்றப்பட்ட அதே கூரையின்கீழ்த் தமிழ் இலக்கணமும் இலக்கியமும் முறையாகப் பயிற்றப்பட்டன. தமிழை ஒரு கலைப் பாடமாகக் கருதிய ஒரு கல்வி நிலையத்தின் மாணாக்கர்களே, தமிழை ஓரத்தில் வைத்த பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் ஆயினர்.

தாமோதரம் பிள்ளை அப்பட்டத்தைக் கொண்டு செய்த வேலை வேறு. அரசுக் கணக்குத் துறையில் பணியாற்றினார். பின்னர் சட்டம் பயின்று புதுக்கோட்டையில் நீதிபதியாக அமர்ந்தார். அலுவல் நேரம் போக எஞ்சிய பொழுதில் ஏடு தேடினார். 1881-இல் வீரசோழியம், 1883-இல் இறையனார் அகப்பொருள், 1885-இல் நச்சினார்க்கினியர் உரையுடன் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887-இல் கலித்தொகை என அவர் பதிப்பித்த நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சங்கத் தொகை நூல் எட்டனுள் முதலில் அச்சேறியது கலித்தொகையே. பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரி, அப்பல்கலைக்கழகம் பின்னாளில் பாடமாக வைக்க வேண்டியிருந்த நூல்களைத் தம் கைப்பொருள் செலவிட்டு ஆக்கி வைத்தார் எனலாம்.

ஏனெனில் அக்காலப் பாடத்திட்டத்தின் பெருங்குறை நூல் இன்மையே. தேர்வுக் குழுவினர் ஒரு காப்பியத்தின் பகுதியைப் பாடமாக அறிவித்துவிடுவர். அக்காப்பியமோ ஏட்டிலேயே இருக்கும். சீவக சிந்தாமணியில் நாமகள் இலம்பகத்தை மட்டும் உரையுடன் பவர் பாதிரியார் 1868-இல் அச்சிட்டிருந்தார். ஏனைய இலம்பகங்கள் அச்சைக் காணவில்லை. சிலப்பதிகாரத்திலிருந்து ஒரு பகுதி கல்லூரிப் பாடமாக அறிவிக்கப்பட்டபோது, கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் தியாகராச செட்டியார் அதனைப் பாடஞ் சொல்ல இயலாதென்று மறுத்துவிட்ட செய்தியை அவர் வரலாற்றை எழுதிய உ. வே. சாமிநாதையர் குறித்திருக்கிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கர் செட்டியார். புலமையிற் குறைந்தவர் அல்லர். பாடம் சிதைந்து, பொருள் தொடர்பற்றுக் கிடந்த படியை வைத்துக்கொண்டு மாணவர் முன் நிற்க அவருடைய மனம் ஒப்பவில்லை. இந்திர விழவைப் பற்றிய அக்காதையின் பெயரிலேயே சிலேடை செய்து அவர் சலித்துக்கொண்டாராம். அறியாததை அறிந்தவர்போல் நடித்து ஒப்பேற்றாத அந்த நேர்மையை இன்றும் பாராட்டலாம்.

1880-இல் செட்டியார் ஓய்வு பெற்றபோது அவ்விடத்துக்குத் தாமே முயன்று சாமிநாதையரை அமர்த்தினார். மாத ஊதியம் ஐம்பது ரூபாய். அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் நாள் சேலம் இராமசாமி முதலியாரைச் சாமிநாதையர் கண்டதும், தாம் கற்ற அந்தாதி, கோவை, பிள்ளைத்தமிழ், புராணங்களை அடுக்கிச் சொன்னதும், அவற்றால் என்ன பயன் என்று முதலியார் கேட்டதும், சிந்தாமணியைச் சுட்டியதும் இலக்கிய அன்பர் யாவரும் அறிந்தவை. இங்குக் கருதத்தக்கது வேறொன்று. கேள்வி கேட்டவர் ஆங்கிலக் கல்வி பெற்ற முன்சீப். விடை தேடப் புறப்பட்டவர் மடத்தில் பயின்ற புலவர். பட்ட வகுப்பு ஏற்படுத்திய பசியும் மரபுக் கல்வி சேர்த்து வைத்திருந்த பயிற்சியும் கும்பகோணத்தில் ஒரு நாள் எதிரெதிரே அமர்ந்தன. 1887-இல் சிந்தாமணி, 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை ஆகியவை முழுமையாக வெளிவந்தன. செட்டியார் பாடஞ் சொல்ல மறுத்த சிலம்பை அவருக்குப் பின்வந்தவர் அவ்வாறு மறுக்கத் தேவை இராதபடி செய்துவிட்டார்.

இவ்வளவும் செய்தவர்கள் கல்லூரிக்குள் எவ்வாறு நடத்தப்பட்டனர்? ஆங்கிலமும் கணிதமும் கற்பிப்போர் பேராசிரியர். தமிழ் கற்பிப்பவர் பண்டிதர். ஊதியம் வேறு, மதிப்பு வேறு. மாணவர்களுக்கும் இது தெரியும். தலைப்பாகையும் அங்கவஸ்திரமுமாக வரும் பண்டிதரின் வகுப்பு ஓய்வுக்கும் வேடிக்கைக்கும் உரியதென எண்ணிய தலைமுறைகள் பல. தமிழாசிரியரை நகையாடும் வழக்கம் நம் சிறுகதைகளிலும் நாடகங்களிலும் திரைப்படங்களிலும் நெடுங்காலம் நிலைத்ததற்கு வேர் அந்த ஊதியப் பட்டியலிலேதான் இருக்கிறது.

அந்நிலையை உடைக்க முதலில் முன்வந்தவருள் ஒருவர் பட்டதாரியே. மதுரையை அடுத்த விளாச்சேரியில் 1870-இல் பிறந்த வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் மில்லரின் மாணவர். 1892-இல் தமிழிலும் தத்துவத்திலும் முதல்வராகப் பி.ஏ. தேறினார். தத்துவம் கற்பிக்கும் பதவி அவரை எதிர்நோக்கியிருந்தது. அவரோ தமிழாசிரியர் பதவியைக் கேட்டுப் பெற்றார். ஊதியத்தாலும் மதிப்பாலும் இது கீழிறங்குவதே. ஆயினும் அன்று ஒரு வழக்கம் உடைந்தது. ஆங்கிலமும் தத்துவமும் கற்ற பட்டதாரி ஒருவர் விரும்பித் தமிழ் வகுப்பினுள் நுழைந்தார். தமிழ் வகுப்பு அதன்பின் முன்போல் இருக்கவில்லை.

அவருடைய படைப்புகளே இதற்குச் சான்று. 1896-இல் ரூபாவதி, 1898-இல் கலாவதி என நாடகங்கள். இடையில் 1897-இல் நாடகவியல் என்னும் இலக்கண நூல். பரிதிமாற் கலைஞர் என்று தம் பெயரைத் தமிழாக்கிக்கொண்டு அவர் வெளியிட்ட தனிப்பாசுரத் தொகை, ஆங்கிலத்துப் பதினான்கடிப் பாவாகிய சானெட்டைத் தமிழில் செய்து பார்த்த முயற்சி. அதனை ஜி. யு. போப் ஆங்கிலத்தில் பெயர்த்தார். கவிஞர் குழாம் நினைவிற் கொள்ளத்தக்க செய்தி இது: தமிழில் புதிய பாவடிவத்தை நாடிய தொடக்க முயற்சிகளுள் ஒன்று பி.ஏ. ஆங்கில வகுப்பில் கற்றதைத் தமிழ் வகுப்பில் சோதித்துப் பார்த்ததன் விளைவே. அதே கல்லூரி மாணவர் பி. ஆர். ராஜமய்யர் கமலாம்பாள் சரித்திரத்தையும், அ. மாதவையா 1898-இல் பத்மாவதி சரித்திரத்தையும் எழுதினர். தமிழ் நாவலின் தொடக்கக் காலத்தார் இவர்கள். ஆங்கிலக் கலைப் பட்டம் தமிழை வறளச் செய்தது என்று மட்டும் கூறிவிடுவது வரலாறு ஆகாது. திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்த பெ. சுந்தரம் பிள்ளை 1891-இல் மனோன்மணீயம் வெளியிட்டதையும் இதனோடு சேர்த்து எண்ண வேண்டும்.

1902-இல் அந்தச் சிற்றிடத்துக்கும் கேடு வந்தது. கர்சன் பிரபு அமைத்த பல்கலைக்கழக ஆணைக்குழு நாடெங்கும் சுற்றி, பட்ட வகுப்புகளைத் திருத்தப் பரிந்துரை செய்தது. சென்னையில் நாட்டு மொழிகளை நீக்கி, அவ்விடத்தை வடமொழி போன்ற செம்மொழிகளுக்கே கொடுக்கலாம் என்ற கருத்து வலுத்தது. தமிழ் செம்மொழி அன்று, வெறும் வட்டார மொழி என்பதே இதற்குக் கூறப்பட்ட நியாயம். சூரியநாராயண சாஸ்திரியாரும், அக்கல்லூரியிலேயே ஆங்கிலம் கற்பித்த மு. சி. பூரணலிங்கம் பிள்ளையும் பல்கலைக்கழக உறுப்பினர்களைக் கண்டு வாதாடினர். தமிழ் தனித்து இயங்கவல்லது, தொன்மையும் இலக்கண வரம்பும் இலக்கியப் பரப்பும் உடையது, உயர்தனிச் செம்மொழி எனத்தக்கது என்பது சாஸ்திரியாரின் வாதம். அவ்வாதம் 1903-இல் வெளிவந்த அவருடைய தமிழ் மொழியின் வரலாறு என்னும் நூலிலும் இடம்பெற்றது. நீக்கும் முயற்சி அப்போதைக்கு நின்றது. அவ்வாண்டு நவம்பர் 2-ஆம் நாள், முப்பத்து மூன்றாம் அகவையில், என்புருக்கி நோயால் சாஸ்திரியார் மறைந்தார்.

தமிழ் செம்மொழி என்னும் வழக்கு முதலில் எழுந்தது அரசியல் மேடையில் அன்று என்பதைக் கவனிக்க வேண்டும். பி.ஏ. வகுப்பில் இரண்டாம் மொழியாக எது இருக்கலாம் என்ற, வெளியார்க்குச் சிறிதாகத் தோன்றும், ஒரு பாடத்திட்டச் சிக்கலிலேதான் அது கூர்மை பெற்றது. இந்திய அரசு தமிழைச் செம்மொழியாக அறிவித்தது 2004-ஆம் ஆண்டு அக்டோபரில். சாஸ்திரியார் மறைந்து ஏறத்தாழ 101 ஆண்டுகள் ஆகியிருந்தன.

1904-ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டத்தின் பின்னர் விதிகள் மாறின. எஃப்.ஏ. வகுப்பு மறைந்து இண்டர்மீடியட் வந்தது. தாய்மொழியில் கட்டுரை வரையும் தேர்வு இருந்தது. ஆயினும் பழைய நூல்களை வகுப்பில் பாடங் கேட்க வேண்டிய கட்டாயம் தளர்ந்தது. தேர்வில் கேட்கப்படாததை யார் படிப்பார்? தமிழை விரும்பி எடுப்போர் தொகை குறைந்தது. அதன் விளைவை ஒரு மனிதரின் வாழ்வில் காணலாம். 1898-இல் கிறித்தவக் கல்லூரிக்கு வேதாசலம் என்னும் இளைஞர் தமிழாசிரியராக வந்தார். நேர்காணலில் குற்றியலுகரத்துக்கு எடுத்துக்காட்டு கேட்ட சாஸ்திரியாருக்கு அவர் "அஃது எனக்குத் தெரியாது" என விடையிறுத்தார் என்றும், விடையே எடுத்துக்காட்டாக அமைந்ததை உணர்ந்து சாஸ்திரியார் மகிழ்ந்தார் என்றும் தமிழாசிரியரிடையே ஒரு கதை வழங்குகிறது. மூன்று சொல்லில் ஆய்தத் தொடர், வன்றொடர், உயிர்த்தொடர் மூன்றும் வந்துவிடுவதால் இக்கதை மறையாமல் நிலைத்திருக்கிறது போலும். பதின்மூன்று ஆண்டுகள் அவர் அங்குக் கற்பித்தார். தமிழ் கட்டாயப் பாடமாக இல்லாமற் போனதால் 1911-இல் அவருடைய பதவிக்கு இடமில்லாமற் போயிற்று. பல்லாவரத்தில் குடியேறி, நூலகம் அமைத்து, மறைமலையடிகளாகத் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கினார். கல்லூரி இழந்தது தமிழ் உலகுக்குக் கிடைத்தது என்று ஆறுதல் கொள்வோர் உளர். ஆனால் அடிகளிடம் பாடங் கேட்டிருக்க வேண்டிய பல தலைமுறை மாணவர்களை அந்த ஆறுதல் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

பல்கலைக்கழகம் விட்ட இடத்தை வேறு சிலர் நிரப்பினர். பாண்டித்துரைத் தேவர் 1901-இல் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம் பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என மூன்று தேர்வுகள் நடத்தியது. பல்கலைக்கழகமும் காலப்போக்கில் வித்துவான் என்ற தனித் தேர்வை ஏற்படுத்திற்று. திருவையாற்றில் வடமொழிக்கே உரியதாயிருந்த கல்லூரியில் 1924-இல் தமிழும் இடம்பெற்றது. தஞ்சை மாவட்டக் கழகத் தலைவராயிருந்த ஏ. டி. பன்னீர்செல்வத்தின் முயற்சியே அதற்குக் காரணம். 1938-இல் கரந்தையில் புலவர் கல்லூரி எழுந்தது. மயிலம், தருமபுரம், பேரூர் முதலிய ஊர்களில் மடங்களின் ஆதரவில் தமிழ்க் கல்லூரிகள் வந்தன. ஏழை வீட்டுப் பிள்ளைகள், ஆங்கிலக் கல்லூரியின் கட்டணத்தைக் கனவிலும் எண்ண முடியாதவர்கள், இவற்றினூடாகவே உயர்கல்வி என்பதன் வாயிலை மிதித்தனர். அதன் குறையையும் சொல்லியாக வேண்டும். வித்துவான் தொல்காப்பியத்தை உரைகளோடு அறிவார். உலக வரலாறும் ஆங்கிலமும் அவருக்குக் கற்பிக்கப்படுவதில்லை. பி.ஏ. படித்தவர் ஷேக்ஸ்பியரை அறிவார். ஒரு வெண்பாவை அலகிடத் தெரியாது. ஒரே மொழி பேசும் இரு படிப்பாளிகளுக்கு இடையில் ஒரு சுவர் எழுந்தது. அச்சுவரின் எச்சங்களைத் தமிழ்ப் புலவர்க்கும் சிற்றிதழ் எழுத்தாளர்க்கும் இடையே பின்னர் நடந்த பூசல்களிலும் காணலாம்.

1929-இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. அதன் தமிழ்த்துறையில் அமர்ந்தவர்களை நோக்கின் இக்கட்டுரையின் தொடக்கத்தில் கூறிய வியப்பு மீண்டும் எழும். 1931-இல் தமிழ்ப் பேராசிரியராக வந்த விபுலாநந்த அடிகள் இலண்டன் பல்கலைக்கழகத்து அறிவியல் பட்டதாரி. தமிழில் அவர் பெற்றது மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதப் பட்டம். பின்வந்த நாவலர் சோமசுந்தர பாரதியார் வழக்கறிஞர். பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியாரோ திண்ணைப் பள்ளியில் சில மாதங்கள் மட்டுமே பயின்றவர். மற்றெல்லாம் தாமே கற்றவை. சென்னையிலும் இதே நிலைதான். தமிழ் லெக்சிகனை 1926 முதல் 1936 வரை பதிப்பித்து முடித்து, பின்னர்ப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைத் தலைவராக விளங்கிய எஸ். வையாபுரிப் பிள்ளையும் வழக்கறிஞர் தொழிலிலிருந்து வந்தவரே. தமிழைக் கலைப் பாடமாகப் பல்கலைக்கழகம் முழுமையாகக் கற்பித்திராத காலத்தில் அதனைக் கற்பிக்க வேறு எங்கிருந்து ஆள் வர முடியும்? வெளியிலிருந்தே வந்தனர். பட்டதாரி, பண்டிதர் என்ற பிரிவினை எத்தனை பொய்யானது என்பதற்கு இவர்களின் நூல்களே விடை.

இரு படிப்புகளுக்கும் இடையில் ஒரு குறுகிய பாலம் பி.ஓ.எல். என்னும் கீழ்த்திசைக் கல்விப் பட்டம். வித்துவான் தேறியவர் அதன் வழியாகப் பட்டதாரி ஆகலாம். திருப்பத்தூரில் வட்டாட்சியர் அலுவலக எழுத்தராக வேலையைத் தொடங்கிய மு. வரதராசன், தனியே பயின்று 1935-இல் வித்துவான் தேர்வில் மாகாணத்தின் முதல்வராகத் தேறினார். 1939-இல் பி.ஓ.எல்.; அவ்வாண்டே பச்சையப்பன் கல்லூரி விரிவுரையாளர். 1944-இல் எம்.ஓ.எல். 1948-இல் சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றிய ஆய்வுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டம். தமிழில் அப்பல்கலைக்கழகம் அளித்த முதல் டாக்டர் பட்டம் அதுவே. இப்பட்டியலில் கல்லூரி மாணவனாக அவர் வகுப்பில் உட்கார்ந்த ஆண்டுகளைத் தேடினால் கிடைப்பது அரிது. வ. சுப. மாணிக்கனாரும் வித்துவானில் தொடங்கி இதே பாலத்தைக் கடந்தவர். மு. வ. 1971-இலும் மாணிக்கனார் 1979-இலும் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆயினர். 1966-இல் அப்பல்கலைக்கழகம் தொடங்கியபோது முதல் துணைவேந்தராயிருந்தவரும் தமிழறிஞர் தெ. பொ. மீனாட்சிசுந்தரனாரே. பண்டிதர் என்று தனி வரிசையில் உட்கார வைக்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் பல்கலைக்கழகத்தின் தலைமை இருக்கையில் அமர்ந்தனர்.

விடுதலைக்குப் பின் நிகழ்ந்தவற்றைச் சுருக்கமாகவே கூறலாம். 1956-இல் இண்டர்மீடியட் போய், ஓராண்டுப் புகுமுக வகுப்பும் மூன்றாண்டுப் பட்ட வகுப்பும் வந்தன. 1978-இல் மேல்நிலைப் பள்ளி முறை வரவே புகுமுக வகுப்பும் மறைந்தது. முதற்பகுதி தமிழ், இரண்டாம் பகுதி ஆங்கிலம், மூன்றாம் பகுதி முதன்மைப் பாடம் என்னும் அமைப்பு நிலைபெற்றது. தமிழ் இலக்கியத்தை முதன்மைப் பாடமாகக் கொண்ட பி.ஏ. வகுப்பு சிற்றூர்க் கல்லூரிகள் வரை பரவியது.

மற்றொரு முயற்சி அத்துணை நிறைவு பெறவில்லை. வரலாறு, பொருளியல், அரசியல், உளவியல் முதலிய கலைப் பாடங்களைத் தமிழிலேயே கற்பிக்கும் திட்டம் 1960-இல் கோயம்புத்தூர் அரசு கலைக் கல்லூரியில் சோதனையாகத் தொடங்கப்பெற்றது. அதற்கென நூல்கள் வேண்டியிருந்தன. தமிழ் வெளியீட்டுக் கழகமும், பின்னர்த் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனமும் பேராசிரியர்களைக் கொண்டு நூற்றுக்கணக்கான நூல்களை எழுதுவித்தும் பெயர்ப்பித்தும் வெளியிட்டன. கலைச்சொல் கோவைகள் பல அந்த உழைப்பினின்று பிறந்தன. அந்நூல்களைப் பழைய புத்தகக் கடையில் இன்று எடுத்துப் பார்ப்போர், அக்காலத்திலேயே கிரேக்க மெய்யியலும் அனைத்துலக அரசியலும் இவ்வளவு தெளிவான தமிழில் எழுதப்பட்டனவா என்று வியப்பர். பெரும்பாலானவை நெடுங்காலம் மறுபதிப்புக் காணவில்லை. வேலைவாய்ப்பு ஆங்கிலத்தின் பக்கமே நின்றதால் மாணவரும் பெற்றோரும் ஆங்கில வழியையே நாடினர். தமிழை இலக்கியமாகப் படிக்க இடம் கிடைத்தது. தமிழால் உலகைப் படிக்கும் வழி பாதியில் நின்றது. இரண்டையும் ஒரே வெற்றியாக எண்ணிக்கொள்ளும் வழக்கம் தமிழ் மேடைகளில் உண்டு.

புதுக்கவிதைக்கும் இவ்வகுப்புக்கும் உள்ள உறவு தனியே எழுதத்தக்கது. 1959-இல் எழுத்து இதழைத் தொடங்கிய சி. சு. செல்லப்பா, தாம் அச்சிட்ட நூல்களை மூட்டையாகக் கட்டிக்கொண்டு கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றார். வாசலில் நின்ற அம்மனிதரைத் தமிழ்த்துறைகளுட் பல அன்று வரவேற்கவில்லை. யாப்பில்லாப் பாட்டு அவர்களுக்குப் பாட்டாகப் படவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளில் காட்சி மாறியது. 1971-இல் கோவையிலிருந்து வானம்பாடி பறந்தபோது அதனைச் சுற்றி நின்றவருட் பலர் தமிழாசிரியர்களே. சிவகங்கையில் மீரா, வாணியம்பாடியில் அப்துல் ரகுமான், சென்னையில் மு. மேத்தா எனக் கல்லூரித் தமிழ்த்துறையினுள்ளிருந்தே புதுக்கவிதை எழுதப்பட்டது. 1974-இல் பால்வீதியும் கண்ணீர்ப் பூக்களும் வெளிவந்தன. புதுக்கவிதை முதற்பகுதித் தமிழ்ப் பாடத்தில் நுழைய, பொறியாளராகவும் கணக்காளராகவும் போகவிருந்த இளைஞரும் அதனைப் படித்தனர். சிலர் எழுதவும் தொடங்கினர். இதனால் கவிதை மலிந்தது என்பாரும் உளர், பரவியது என்பாரும் உளர். இரண்டுமே நிகழ்ந்தன.

1982-இல் பாரதியார், பாரதிதாசன் பெயர்களிலும், 1990-இல் மனோன்மணீயம் சுந்தரனார் பெயரிலும் பல்கலைக்கழகங்கள் எழுந்தன. முன்னிருவரும் பல்கலைக்கழகப் பட்டம் பெறாதவர்கள் என்பது நினைத்து மகிழத்தக்கது. அவர்கள் பெயர் பொறித்த பட்டத் தாளை இன்று கொங்கு நாட்டிலும் சோழ நாட்டிலும் இளைஞர் கையில் வாங்குகின்றனர்.

1978 முதல் கிறித்தவக் கல்லூரி, இலயோலாக் கல்லூரி முதலிய சில கல்லூரிகள் தன்னாட்சி பெற்றன. பின்னர்ப் பல கல்லூரிகளும் பெற்றன. அக்கல்லூரிகளில் பாடத்திட்டத்தை வகுப்பது தொலைவிலுள்ள குழு அன்று, அத்துறை ஆசிரியர்களே. முதற்பகுதிச் செய்யுள் திரட்டைத் தொகுப்பவரும் அவரே, அச்சுப்பிழை திருத்துபவரும் அவரே, மறு திங்கள் அதனை வகுப்பில் நடத்துபவரும் அவரே. அண்டை ஊரில் வாழும் கவிஞர் ஒருவரின் பாட்டைச் சேர்ப்பதா, எந்தச் சங்கப் பாட்டை விடுவது என்று துறை அறையில் நடக்கும் பேச்சு, மூன்று ஆண்டுகளுக்கு அக்கல்லூரி மாணவர் எல்லோரும் எதைத் தமிழ்க் கவிதை என்று அறியப்போகின்றனர் என்பதை முடிவு செய்கிறது. கும்பகோணத்தில் தியாகராச செட்டியாருக்கு அந்த உரிமை இருந்ததில்லை. பாடஞ் சொல்ல மறுக்கும் உரிமை ஒன்றுதான் அவரிடம் இருந்தது.